உரைவழி உலாவிகளும் ஜாவாஸ்கிரிப்ட் சார்ந்த வலைத்தளங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வலையின் தொடக்கக் காலத்தில் எழுத்துகளை மட்டுமே காட்டும் உரைவழி உலாவி ஒரு குறைபட்ட கருவியாகக் கருதப்படவில்லை. 1991இல் செர்ன் ஆய்வகத்தில் நிக்கோலா பெல்லோ உருவாக்கிய வரிமுறை உலாவி, எவ்வகைக் கணினியிலும் இயங்க வேண்டும் என்னும் நோக்குடன் எழுதப்பட்டது. 1992இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் லூ மான்டுல்லி, மைக்கேல் குரோப், சார்லஸ் ரெசாக் ஆகியோர் வளாகத் தகவல் அமைப்புக்காக லின்க்ஸ் என்னும் மென்பொருளை உருவாக்கினர். அடுத்த ஆண்டில் அது வலை உலாவியாயிற்று. இன்றும் பராமரிக்கப்பட்டுவரும் உலாவிகளுள் மிகப் பழையது அதுவே. அத்தகைய உலாவியில் இன்றைய தளங்கள் பல வெறுந்திரையாகத் தோன்றுவதன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடம் மாறிய உரை

லின்க்ஸ் இயங்கும் முறை எளியது. வழங்கியிலிருந்து வரும் குறிமொழியை வந்த வரிசையிலேயே வரிகளாக மாற்றித் திரையில் இடுகிறது, நிரற்பகுதிகளைப் புறக்கணித்துவிடுகிறது. உரை அக்குறிமொழியிலேயே அடங்கியிருந்தவரை இம்முறை போதுமானதாக இருந்தது.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். லின்க்ஸை உருவாக்கியோருள் ஒருவரான மான்டுல்லி அப்போது அதே நிறுவனத்தில் பணியாற்றினார் என்பது வரலாற்றின் விந்தை. எனினும், பிளவுக்கு ஜாவாஸ்கிரிப்டின் தோற்றத்தையே காரணமாகக் கூறுவது பொருந்தாது. தொடக்கத்தில் அது படிவங்களைச் சரிபார்த்தல் போன்ற துணைப்பணிகளையே செய்தது. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வழியாக வந்த ஒரு வசதி, பக்கம் திறந்த பின்னரும் நிரல் தானே வழங்கியிடமிருந்து தரவைப் பெற இடமளித்தது. 2004இல் வெளிவந்த ஜிமெயில் அதன் ஆற்றலைப் பரவலாக உணர்த்தியது. 2010களில், வழங்கி வெற்றுச் சட்டகத்தை மட்டும் அனுப்ப, நிரலே உரையைக் கொணர்ந்து நிரப்பும் நடைமுறை வேரூன்றியது. உலாவி மாறவில்லை, உரை இருந்த இடம் மாறிற்று.

இதற்குத் தெளிவான சான்று 'நோஸ்கிரிப்ட்' உறுப்பு. நிரல் இயங்காத இடத்தில் மாற்று உள்ளடக்கம் தருவதற்கென 1997 டிசம்பரில் வெளியான எச்டிஎம்எல் 4.0 தரத்தில் இது இடம்பெற்றது. இன்று பல தளங்களில் அதனுள் இருப்பது, ஜாவாஸ்கிரிப்டை இயக்குமாறு கோரும் ஒற்றைத் தொடர் மட்டுமே. லின்க்ஸின் திரையிலும் அத்தொடரே எஞ்சுகிறது. இயக்குவதற்கோ அதனிடம் எதுவும் இல்லை.

நெறிமுறையில் நேர்ந்த மாற்றம்

பேச்சுக் கருவியுடன் லின்க்ஸை இணைத்து வலையை வாசித்த பார்வையற்றோருக்கு இம்மாற்றம் வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று. 1999 மே மாதத்தில் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட அணுகல் நெறிமுறையின் முதற்பதிப்பு, நிரல் இயங்காவிடினும் பக்கம் பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதை முதல்நிலைக் கட்டளையாக வைத்தது. 2008 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் அக்கட்டளை இல்லை. உதவிக்கருவிகள் கையாளக்கூடிய நுட்பமாயின் ஒரு தளம் அதனைச் சார்ந்திருக்கலாம் என்றாயிற்று.

இதனை அநீதி என்று கூறிவிட இயலாது. 2012இல் வெப்எய்ம் அமைப்பு நடத்திய ஆய்வில், திரைவாசிப்பான் பயன்படுத்துவோருள் 98.6 விழுக்காட்டினரின் உலாவிகளில் ஜாவாஸ்கிரிப்ட் இயங்கியது. ஆனால், பார்வையற்றோர் வரைகலை உலாவிக்கு நகர்ந்துவிட்டனர் என்பது, எளிய பக்கம் எவருக்கும் தேவையில்லை என்பதாகாது. பழைய கணினியும் மெதுவான இணைப்பும் உடையோர் இக்கணக்கில் இடம்பெறவில்லை.

உரைவழி மரபினரும் வாளாவிருக்கவில்லை. ஈலிங்க்ஸ் ஜாவாஸ்கிரிப்டை ஓரளவு ஏற்றது. பார்வையற்ற நிரலாளரான கார்ல் டால்கி உருவாக்கிய எட்பிரௌஸ், படம் வரையாமலே நிரலை இயக்க முயன்றது. 2018இல் வெளிவந்த பிரௌஷ், ஃபயர்ஃபாக்ஸைப் பின்னணியில் இயக்கி அதன் திரையை எழுத்துகளாக மாற்றித் தந்தது. சிறிய கருவியின் பயனைப் பெறப் பெரிய கருவி முழுவதும் தேவைப்பட்டது.

தேடுபொறி தளத்தைக் காணும் விதத்தை அறிய லின்க்ஸைப் பயன்படுத்திப் பார்க்குமாறு தள உரிமையாளர்களுக்கு ஒரு காலத்தில் அறிவுறுத்தியது கூகுள் நிறுவனம். அதன் தேடல் பக்கத்துக்கே 2025 ஜனவரி முதல் ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயமாயிற்று.