லெட்டா, ஸ்ட்ரோக்கா?



சென்னையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வன்னியம்பட்டிக்கு வந்திருந்தான். மகள் ஸ்குவாஷ் பழகுகிறாளாம். "எதிராளி குறுக்கே நின்றால் ஒரு தடவை புள்ளி தருகிறார்கள், ஒரு தடவை திரும்ப ஆடச் சொல்கிறார்கள், ஒரு தடவை ஒன்றுமே இல்லை என்கிறார்கள். என்ன சார் நியாயம் இது?" என்றான். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் பதில் 19ஆம் நூற்றாண்டில்தானே தொடங்கும்!

இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் பிறந்த ஆட்டம் இது. நடுவே வலை கிடையாது. இருவரும் ஒரே அறையில், ஒரே சுவரைப் பார்த்து ஆட வேண்டும். அதனால் அடித்தவர் உடனே விலகி வழிவிட வேண்டும் என்று விதி வந்தது. பந்தைப் பார்க்க, நேராகப் போய்ச் சேர, மட்டையை வீச, முன்சுவரில் எங்கும் அடிக்க: இந்த நான்கும் எதிராளியின் உரிமை.

தடை நேர்ந்தால் நடுவர் யோசிப்பார். பந்தை எடுத்திருக்கவே முடியாது என்றால் 'நோ லெட்'. எடுத்திருக்கலாம், தடுத்தவரும் விலக முழுமுயற்சி செய்தார் என்றால் 'லெட்', அதாவது மறு ஆட்டம். முயற்சியே இல்லை, அல்லது வெற்றி அடியே தடைபட்டது என்றால் 'ஸ்ட்ரோக்', புள்ளி.

டென்னிஸில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொன்னால் போதும். இங்கே நடக்காமல் போன அடியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சண்டை வராமல் இருக்குமா?

நம் சென்னைப் பெண்கள் தீபிகா பள்ளிக்கல், ஜோஷ்னா சின்னப்பா 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கம் வென்றவர்கள். 2018இல் கோல்ட் கோஸ்ட் இறுதியாட்டத்தில் நியூசிலாந்திடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார்கள். நடுவர் தீர்ப்புகள் சரியில்லை என்று வெளிப்படையாகவே குறைசொன்னார்கள்.

பெரிய போட்டிகளில் மூன்று நடுவர்களை வைக்கும் முறையும் உண்டு. பெரும்பான்மை முடிவுதான் தீர்ப்பு. மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் 'லெட்'. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் பொங்கல் கபடியில் நான் நடுவர். பாடிப் போன பையன் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று எனக்கே சந்தேகம். ஆனாலும் பலமாக விசில் ஊதி 'அவுட்' என்றேன். "சார், தொட்டுட்டேன் சார்" என்று அழுதான். அவன் அணி தோற்றது. மறு ஆட்டம் கொடுத்திருக்கலாம். கூட்டத்தின் முன்னால் 'தெரியவில்லை' என்று சொல்ல வாத்தியாருக்கு வாய் வரவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால் வீட்டுக்கு ஒரு நடை வா.

அன்புடன்,
உங்கள் சார்