மயிலை முதல் பசியாவரம் வரை

விடுமுறைக் காலம் நெருங்கினால் பங்குகளிலும் அன்பியங்களிலும் ஒருநாள் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு எழுவது வழக்கம். பேருந்துக்கு ஆளுக்கு எவ்வளவு, மதியத்திற்குக் கட்டுச்சோறா கடைச்சாப்பாடா என்பனவற்றை விரிவாகப் பேசி முடிக்கும் நாம், காணப்போகும் இடங்களை எந்த மனத்தோடு காண வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. காலையில் சென்னை மயிலையிலே தொடங்கி, மாலையில் பழவேற்காட்டு ஏரிக்கரையிலே முடியும் ஒரு நாளை இங்கே நாம் திட்டமிட்டுப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறாத சனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஏரிக்குப் பூநாரைகள் வந்து தங்கும் காலமும் அதுவே.

இந்த வழி நாம் புதிதாகக் கண்ட வழியன்று. 1517-ஆம் ஆண்டில் தியோகோ பெர்னாண்டஸ், பஸ்தியான் பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியர் இருவர் மலாக்காவிலிருந்து வந்து பழவேற்காட்டில் இறங்கினர். அவர்களுடன் வந்த ஆர்மீனிய வணிகர்கள், திருத்தூதர் தோமையாரின் இல்லத்தைக் காண வருமாறு அழைத்துச் சென்றனர். அவ்வாறு பழவேற்காட்டிலிருந்து மயிலைக்கு அவர்கள் சென்ற பயணமே, அத்திருத்தலத்தின் மீது போர்த்துக்கீசியரின் கவனத்தைத் திருப்பியது. 1533-இல் நடந்த விசாரணையில் தியோகோ பெர்னாண்டஸ் இதைச் சாட்சியமாகக் கூறினார். அவர்கள் வந்த வழியிலேதான் நாம் எதிர்த்திசையில் செல்லப் போகிறோம்.

காலைத் திருப்பலியைச் சாந்தோம் பேராலயத்தில் வைத்துக்கொள்ளலாம். இன்று நாம் காணும் பேராலயம் 1896-இல் எழுந்தது. வானளாவும் அதன் கோபுரத்தைப் பார்த்து வியந்தபின், கல்லறைச் சிற்றாலயத்தில் இறங்கிச் சற்று நேரம் அமைதியாக இருப்போம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விடம் பாழடைந்து கிடந்தபோது, இஸ்லாமியப் பக்கிரி ஒருவர் பிச்சையெடுத்து எண்ணெய் வாங்கி இங்கே விளக்கெரித்து வந்தார் என்று போர்த்துக்கீசிய எழுத்தாளர் துவார்த்தே பர்போசா குறித்திருக்கிறார். நம் மறையின் பெருமை என்று நாம் கருதும் இடத்திற்கு வழி காட்டியவர்கள் கீழைத் திருச்சபையைச் சேர்ந்த வணிகர்கள். விளக்கை அணையாமல் காத்தவரோ வேற்றுச் சமயத்தவர். அந்தப் பக்கிரியின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. இந்த நாள் முழுவதும் அவரை நாம் நினைவில் வைத்திருப்பது நல்லது.

மயிலையிலேயே உள்ள லஸ் பிரகாச மாதா ஆலயத்தையும் கண்டு, பத்து மணிக்குள் புறப்பட்டால் பொன்னேரி வழியாக நண்பகலுக்குள் பழவேற்காட்டை அடைந்துவிடலாம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூர், விசயநகரப் பேரரசின் காலத்தில் புகழ்பெற்ற துறைமுகமாக விளங்கியது. இங்கிருந்து வண்ணத் துணிகள் கடல் கடந்து கீழைத்தீவுகளுக்குச் சென்றன. போர்த்துக்கீசியரைத் தொடர்ந்து வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கடற்கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இன்று அந்தக் கோட்டை இருந்த இடத்தில் முட்புதர் மண்டிய மேடும் அகழியின் சுவடுமே மிஞ்சியுள்ளன. ஆட்சிகள் மாறிய பின்னும் நிலைத்து நிற்பது மக்களின் பக்தி என்பதற்கு, போர்த்துக்கீசியர் காலத்திலே வேரூன்றிய மகிமை மாதா திருத்தலம் சான்று. அங்கே செபமாலை சொல்லி, கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு இளைப்பாறலாம்.

பிற்பகலில் டச்சுக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்வோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இத்தோட்டத்தின் வாயிலில் இரு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டு, மரணத்தை நினைவூட்டி நிற்கின்றன. உள்ளே அதிகாரிகள், வணிகர்கள், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரின் பெயர்கள், குலச்சின்னங்களோடு கல்லில் அழகுறப் பொறிக்கப்பட்டுள்ளன. பிள்ளைகள் இவற்றைப் படம் பிடிக்கட்டும், தவறில்லை. ஆனால் இக்கற்கள் சொல்லாத செய்தியையும் நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இதே பதினேழாம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவாகிய பத்தாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். பஞ்சம் வந்த ஆண்டுகளில் இந்த வணிகம் பெருகியது. வயிற்றுக்கில்லாத கொடுமை, பெற்ற பிள்ளையையும் விற்கச் செய்தது. அவர்களுக்கு இங்கே கல்லறை இல்லை. பெயர் பொறித்த பலகையும் இல்லை. இறந்தோருக்காக இந்தத் தோட்டத்தில் நாம் செபிக்கும்போது, புதைக்கப்பட்டவர்களோடு கப்பலேற்றப்பட்டவர்களையும் சேர்த்துக்கொள்வதே முறை.

மாலையில் ஏரிக்கரை. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் நடுவே தீவாக அமைந்த மீனவர் ஊர்களுள் ஒன்று பசியாவரம். பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் சந்தைக்கும் படகையே நம்பி நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் இவ்வூர் மக்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று, இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் உல்லாசப் படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆகவே படகுச் சவாரியை நமது திட்டத்தில் சேர்க்க வேண்டா. கரையில் நின்று காணவும் கேட்கவும் நிறைய உண்டு.

அவற்றுள் ஒன்று 'பாடு'. இந்த ஏரியின் மீனவர் ஊர்கள் சிலவற்றில், இறால் கிடைக்கும் நல்ல நீர்ப்பகுதிகளை எவரும் தமதாக்கிக் கொள்ளாதபடி, குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொண்டு வலை கட்டுகின்றன. அந்த முறைக்கே பாடு என்று பெயர். ஆண்டவர் பட்டதையும் பாடுகள் என்றே நாம் சொல்கிறோம். உழைப்பும் துன்பமும் பங்கும் ஒரே சொல்லில் இணைந்திருப்பதைத் தமிழர் உணர்வர். இந்த முறையிலும் குறை உண்டு. சில ஊர்களுக்கு உள்ள உரிமை மற்றவர்களுக்கு இல்லை. இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்துக் குறையும் காலங்களில், உரிமை உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் ஒருங்கே வயிறு காய்கிறது.

விளக்கெரித்த பக்கிரி, கப்பலேறிய அடிமை, நீரில் நிற்கும் இந்தத் தாய் ஆகிய மூவர் பெயரையும் எந்தக் கல்லும் தாங்கவில்லை. கல்லில் எழுதப்படாத பெயர்களும் இறைவனுக்குத் தெரியும் என்பது நமது விசுவாசம். அப்படியாயின், கற்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலா, நம் விசுவாசத்தில் பாதியைக் கரையிலேயே விட்டுவிட்டு வருவதாகும். ஆகவே புறப்படுமுன் அரைமணி நேரத்தையாவது அங்குள்ள மக்களுக்கென ஒதுக்குவோம். பேரம் பேசாமல் மீன் வாங்குவோம். பழவேற்காட்டு இஸ்லாமியப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகளையும் வாங்குவோம். இந்த ஆண்டு இறால் எப்படி, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை நின்று கேட்போம். விடைபெறும்போது அவர்தம் பெயரையும் கேட்டறிவோம். மறுநாள் காலைத் திருப்பலியில் அப்பெயர்களைச் சொல்லிச் செபிக்கலாம்.