உறியில் தொங்கும் தக்காளி

"செடியைப் போய் யாராவது தலைகீழா தொங்க விடுவாங்களாடா?"

அம்மா கேட்ட கேள்வி. எங்க வீடு திருவையாறு பக்கம். நான் பதில் சொல்லாம வாசல் நிலையைக் காட்டினேன். திருஷ்டிக்குன்னு அம்மா கட்டின கற்றாழை அங்கே வேர் மேலே, நுனி கீழேன்னு தொங்குது. மாசக்கணக்கா உசிரோடதான் இருக்கு. நுனி மட்டும் வளைஞ்சு மேலே பார்க்குது. எதிர் வீட்டு வாசல்ல ஆகாச கருடன் கிழங்கு, மண்ணே இல்லாம துளிர் விட்டிருக்கு. ஆக, இந்த வித்தை நமக்குப் புதுசில்லை மக்களே :-)

அமெரிக்காவில் 2000-களில் 'டாப்ஸி டர்வி' என்ற பையை டிவி விளம்பரத்தில் கூவிக் கூவி விற்றார்கள். அடியில் ஓட்டை, அதுவழியா தக்காளிச் செடி கீழ்நோக்கித் தொங்கும். எனக்கு அது தேவைப்பட்டதுக்குக் காரணம் வேற. எங்க கொல்லை களிமண். ஐப்பசி மழையில் நாலு நாள் தண்ணி நிக்கும். நெல்லுக்குக் கவலையில்லை, அதன் தண்டிலிருந்து வேர்வரை காற்றுப் போக வழி உண்டு. தக்காளிக்கு அந்த வசதி கிடையாது, வேர் மூச்சு முட்டி அழுகிடும். போதாததுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து அம்மாவால குனிய முடியல. கொல்லைக் கதவைத் திறக்கிறதையே விட்டுட்டாங்க. அதுதான் எனக்கு உறுத்தல்.

யோசிச்சா, தக்காளி, மிளகாய் ரெண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகாயைக் கொண்டு வந்தது போர்த்துகீசியர். 16-ஆம் நூற்றாண்டில் நம்ம நாகப்பட்டினத்திலேயே அவங்க குடியிருப்பு இருந்தது. மிளகு மாதிரி உறைச்சதால 'மிளகு காய்' மிளகாய் ஆச்சு. தக்காளி என்ற பேர் ஏற்கெனவே மணத்தக்காளி வகையறாவுக்கு இருந்ததால, வந்தவருக்கு 'சீமைத் தக்காளி' என்று பேர். அப்புறம் சீமை உதிர்ந்து போச்சு. பல வீடுகளில் திதிச் சமையலில் இந்த ரெண்டும் இன்னிக்கும் கிடையாது, மிளகுதான். சமையலறையே ஒரு கல்வெட்டு!

சரி, தலைகீழா தொங்கினா என்ன ஆகும்? 1806-இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் ஓடைத் தண்ணியில் சுத்தும் சக்கரத்தில் விதைகளைக் கட்டிப் பார்த்தார். தண்டு சக்கரத்தின் நடுவை நோக்கியும் வேர் வெளியேயும் வளர்ந்தது. செடிக்கு மேல் கீழ் தெரியக் காரணம் புவியீர்ப்புதான் என்று அதில் புரிந்தது. அதனால தொங்குற செடி சும்மா தொங்காது, 'ட' மாதிரி வளைஞ்சு மேலே ஏறப் பார்க்கும். தக்காளியைக் காய் கனம் மறுபடி கீழே இழுக்கும். மிளகாய்த் தண்டு கெட்டி, வளைஞ்சா வளைஞ்சதுதான்.

பழைய பெயிண்ட் வாளி ஒண்ணு. அடியில் ரெண்டு அங்குல ஓட்டை, நாத்தைச் சுத்தி பஞ்சு. கனம் குறையத் தென்னை நார்க் கழிவும் மக்கின எருவும். பாட்டி வெண்ணெய் உறி கட்டின கொக்கியிலேயே மாட்டினேன். பக்கத்துல இன்னொரு வாளியில் எங்க ஊர் குடமிளகாய். கடையில விக்கிற கேப்ஸிகம் இல்லீங்க, மோர் மிளகாய்க்குப் போடுற குண்டு மிளகாய்.

உண்மையைச் சொல்லணும். தரையில வெச்ச தொட்டிச் செடியைவிடக் காய் குறைவுதான். தினமும் தண்ணி வேணும், அதுவும் சொட்டிக்கிட்டே இருக்கும். ஆனா அம்மா நின்ன வாக்கில் தண்ணி ஊத்தறாங்க, கண்ணுக்கு நேரே காய் எண்ணறாங்க.

முதல் பழம் மார்கழியில் பழுத்தது, சரியா அப்பா திதிக்கு முதல் நாள். பறிக்கப் போனேன். "நாளைக்கு ஆகாதுடா, மிளகு ரசம்தான். அது இன்னும் ரெண்டு நாள் தொங்கட்டும்"னு தடுத்துட்டாங்க.

தொங்கிச்சு. மூணாம் நாள் தக்காளி ரசம். அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச ரசம் அதுதான்.