சென்னை ஆண் அநாதை இல்லம்

சென்னை ஆண் அநாதை இல்லம் என்பது 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் தொடங்கப்பட்ட கிறித்தவ உறைவிடப் பள்ளியாகும். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் பணியாற்றியவர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கு உணவு, உடை, உறைவிடம், சமயக் கல்வி, தொழில் ஆகியவற்றை அளிப்பது இதன் நோக்கமாகும். பிற்காலத்தில் "மெட்ராஸ் முறை" எனப் பல நாடுகளில் அறியப்பட்ட கற்பித்தல் முறை இங்குதான் உருவானது.

பின்னணி

புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. அத்தேவாலயத்தைச் சார்ந்து, ஏழைப் பிள்ளைகளுக்கான அறப்பள்ளி ஒன்று 1715இல் தொடங்கியது. அதன் வழிவந்ததே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் பள்ளி ஆகும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூர்ப் போர்கள் காரணமாகச் சென்னையில் ஐரோப்பியப் படைவீரர்களின் எண்ணிக்கை பெருகியது. போரிலும் நோயிலும் இறந்தவர்களின் பிள்ளைகள் ஆதரவின்றி நின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். 1787இல் ஆளுநர் ஆர்ச்சிபால்டு காம்பெல்லின் மனைவியின் முயற்சியால் பெண் அநாதை இல்லம் அமைந்தது. இரண்டாண்டுகள் கழித்து ஆண் பிள்ளைகளுக்கான இல்லம் உருவானது.

நிதியும் நிருவாகமும்

சென்னைவாழ் ஐரோப்பியர் அளித்த நன்கொடையும் கம்பனி அரசின் உதவியும் இல்லத்தின் முதன்மையான வருவாயாகும். 19ஆம் நூற்றாண்டில் இல்லத்தின் பெயரில் இயங்கிய அச்சகமும் வருவாய் ஈட்டித்தந்தது.

இசுக்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் பிறந்த சமயகுரு ஆண்ட்ரூ பெல் (1753–1832) இல்லத்தின் முதல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். படைப்பிரிவுகளின் சமயகுருவாக வேறு வருவாய் பெற்று வந்த அவர், இப்பணிக்கு ஊதியம் பெற மறுத்தார்.

கற்பித்தல் முறை

பெல் ஒரு நாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையை இல்லத்தில் புகுத்துமாறு ஆசிரியர்களைப் பணித்தார். அவர்கள் அதில் ஆர்வம் காட்டாததால், ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயது மாணவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். இம்முயற்சி வெற்றி பெற்றது. அதன்பின் மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் ஒழுங்கு பள்ளி முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஊதியம் பெறும் ஆசிரியர் குறைந்தனர். காகிதம், மை ஆகியவற்றின் செலவும் குறைந்தது. நன்கொடையை நம்பி நடந்த பள்ளிக்கு இது பெருந்துணையாக இருந்தது.

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்கு உதவியாக இருந்த மூத்த மாணவர் சட்டாம்பிள்ளை எனப்பட்டார். மெட்ராஸ் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை குறிப்பிடத்தக்கது. இந்திய மரபுவழிக் கல்வியை ஆராய்ந்த தரம்பால், 1983இல் வெளியான தமது நூலில் இத்தொடர்பை எடுத்துக்காட்டினார்.

மாணவர்கள்

1794இல் திப்பு சுல்தானின் மைந்தர்கள் பிணையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டபோது, இல்லத்தின் மாணவரான வில்லியம் சுமித் அக்குழுவுடன் சென்று திப்புவின் முன்னிலையில் அறிவியல் செய்முறைகளை நிகழ்த்திக் காட்டினார்.

அதே ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் 8 மாணவர்களுடன் நில அளவைப் பள்ளி தொடங்கியது. இல்லத்தின் சிறுவர்கள் அங்கு பயிற்சி பெற்று அளவைப் பணிகளில் அமர்ந்தனர். அப்பள்ளியே வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று.

பரவல்

1796இல் நாடு திரும்பிய பெல், மறு ஆண்டு தம் சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதை ஒத்த முறையைக் கையாண்டதால், முதலில் கண்டவர் யார் என்னும் பூசல் எழுந்தது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் ஏழைகளின் கல்விக்கான தேசியக் கழகம் நிறுவப்பட்டு, பெல்லின் முறையைப் பின்பற்றியது. அவர் இறந்தபோது ஏறத்தாழ 12,000 பள்ளிகள் இம்முறையில் இயங்கின. அவரது கொடையால் செயின்ட் ஆண்ட்ரூசில் 1833இல் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் "மெட்ராஸ் கல்லூரி" என்றே வழங்குகிறது.

திறனாய்வு

தந்தையை இழந்த பல சிறுவர்களுக்குத் தாய் உயிருடன் இருந்தார். எனினும் இந்தியத் தாய்மாரின் சூழலிலிருந்து பிள்ளைகளைப் பிரித்து வளர்ப்பதே அவர்களுக்கு நலம் எனப் பெல் கருதினார். தாய்மொழியும் தாய்வழி உறவும் இழப்பதே இப்பிள்ளைகள் பெற்ற உதவிக்கு விலையாயிற்று. திண்ணைப் பள்ளியிலிருந்து முறையை எடுத்துக்கொண்ட இல்லத்தில் உள்ளூர்த் தமிழ் ஏழைப் பிள்ளைகளுக்கு இடமில்லை.

கல்வி பெற்றபின் கிடைத்த வாய்ப்பும் குறுகியதே. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களைக் கம்பனி 1791இல் உயர் பணிகளிலிருந்தும், 1795இல் இசைக்குழு போன்ற சில நிலைகள் தவிரப் படைப்பணியிலிருந்தும் விலக்கியது.

இங்கு ஒப்புதல் பற்றிய கேள்வி முதன்மையானது. இந்திய அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவின்படி, அரசின் ஏற்போ நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனங்களில் சிறார்களுக்குச் சமய போதனையில் பங்கேற்கப் பாதுகாவலரின் ஒப்புதல் தேவை. எழும்பூர் இல்லத்தின் காலத்தில் இத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை.

பிற்காலம்

1858இல் உதகமண்டலத்தில் லாரன்ஸ் இல்லம் தொடங்கியது. 1870களின் தொடக்கத்தில் ஆண் அநாதை இல்லத்தின் படைவீரர் பிள்ளைகள் அங்கு மாற்றப்பட்டனர். 1904இல் பெண் பிள்ளைகளும் மாற்றப்பட்டனர். அதுவே இன்று லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளியாகும்.