செங்கல் வரியும் நாலு வீடும்

லண்டன் கென்னிங்டன் பூங்காவில் கீழே இரண்டு, மேலே இரண்டு வீடுகளாக ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. அரசு பாதுகாக்கும் சின்னம். 1851 உலகக் கண்காட்சியின்போது, விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட், தொழிலாளர் குடும்பங்களுக்கான மாதிரி வீடாக ஹைட் பார்க் பக்கத்தில் கட்ட வைத்தது. பிறகு பிரித்து இங்கே கொண்டுவந்து கட்டினார்கள்.

வடிவமைத்தவர் ஹென்றி ராபர்ட்ஸ். சுவரெல்லாம் துளைச் செங்கல். ஈரமும் சத்தமும் குறையும். பெற்றோருக்கு, பையன்களுக்கு, பெண்களுக்கு என்று தனித்தனிப் படுக்கையறை. வீட்டுக்கு ஒரு கழிப்பறை!

வங்கிக்காரன் கண்ணுக்குப் படுவது வரிதான். 1784 முதல் செங்கலுக்கு எண்ணி எண்ணி வரி, 1850-ல் ரத்து. ஜன்னல் வரி 1851-ல் போனது. அதுவரை வரிக்குப் பயந்து ஜன்னலையே அடைத்தவர்கள் உண்டு. காற்றும் வெளிச்சமும் ஏழைக்குக் கிடைக்க, கட்டடக் கலைஞர் மட்டும் போதாதுங்க. வரிச்சட்டமும் வழிவிட வேண்டும்.