பைஹகீயின் எந்த நூலில்?

மம்லூக் சுல்தான்களின் ஆட்சி முடிவை நெருங்கிக்கொண்டிருந்த காலம். கெய்ரோ நகரில் ஓர் ஆலிம் மற்றோர் ஆலிமின் மீது முறையீடு செய்தார். நிலமோ பணமோ அதற்குக் காரணமில்லை. நூலில் விடுபட்டுப்போன ஒரு பெயரே காரணம்.

முறையிட்டவர் இமாம் ஜலாலுத்தீன் அஸ்ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரீ 849–911, கி.பி. 1445–1505). நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் தஃப்ஸீர் ஜலாலைனின் இரு ஆசிரியர்களுள் ஒருவர். முறையீட்டுக்கு ஆளானவர் இமாம் ஷிஹாபுத்தீன் அல்கஸ்தலானீ (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரீ 851–923). ஸஹீஹுல் புகாரீக்கு ‘இர்ஷாதுஸ் ஸாரீ’ என்னும் விரிவுரையும், நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றி ‘அல்மவாஹிபுல் லதுன்னிய்யா’ என்னும் நூலும் எழுதியவர். இருவரின் நூல்களையும் நாம் இன்றும் மரியாதையுடன் கையில் எடுக்கிறோம். இருவருக்கும் அல்லாஹ் அருள் புரிவானாக!

முறையீடு ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரீ (ரஹ்) அவர்களின் முன் வைக்கப்பட்டது. “கஸ்தலானீ என் நூல்களிலிருந்து எடுக்கிறார்; ஆனால் என்னிடமிருந்து எடுத்ததாகக் குறிப்பிடுவதில்லை” என்பதே குற்றச்சாட்டு. ஷைகுல் இஸ்லாம் அதற்குச் சான்று கேட்டார்கள்.

ஸுயூத்தீ காட்டிய சான்றுதான் இந்நிகழ்ச்சியின் உயிர். கஸ்தலானீயின் நூலில் இமாம் பைஹகீயிடமிருந்து எடுத்ததாகக் குறிக்கப்பட்ட இடங்கள் சிலவற்றை அவர் அடுக்கினார். பின்னர், பைஹகீக்குப் பல நூல்கள் உள்ளனவே, இச்செய்தி அவற்றுள் எந்த நூலில் இருக்கிறது என்று கஸ்தலானீ சொல்லட்டும் என்றார். பைஹகீயின் செய்தியை நான் என் நூலில் எடுத்தெழுதியிருந்தேன். அவர் அதை அங்கே கண்டு அப்படியே எடுத்துக்கொண்டார். ‘பைஹகீயிடமிருந்து ஸுயூத்தீ எடுத்துரைக்கிறார்’ என்று எழுதுவதே அவர்மீது கடமையாக இருந்தது என்பது அவருடைய வாதம்.

ஹிஜ்ரீ 458இல் மறைந்த பைஹகீ (ரஹ்) அவர்களின் ‘அஸ்ஸுனனுல் குப்ரா’, ‘ஷுஅபுல் ஈமான்’, ‘தலாயிலுன் நுபுவ்வா’ ஆகிய ஒவ்வொன்றும் பல பாகங்கள் கொண்டது. “பைஹகீ கூறுகிறார்” என்று மட்டும் எழுதிவிட்டால், வாசகர் எந்தப் பாகத்தை எடுத்துப் புரட்டுவார்?

குற்றச்சாட்டின் நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கஸ்தலானீ பொய் எழுதிவிட்டார் என்று ஸுயூத்தீ சொல்லவில்லை. செய்தி உண்மை, பைஹகீ சொன்னதும் உண்மை. இடையில் நின்ற மனிதர் மட்டும் மறைந்துவிட்டார். படிக்காத நூலைப் படித்தவரைப் போன்ற தோற்றம் உண்டாகிவிட்டது.

இதை எழுதும் எனக்கும் அந்தக் கேள்வி ஒருமுறை நேர்ந்தது. இஸ்லாமியக் கல்விப் பட்டயப் படிப்பின்போது நான் அளித்த கட்டுரையின் அடிக்குறிப்புகளில் அரபு நூல்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. உண்மையில் நான் திறந்து பார்த்தவை இரண்டு உர்தூ நூல்களும் ஒரு தமிழ் நூலுமே. உஸ்தாத் அவர்கள் தாளைப் புரட்டிவிட்டு, “தம்பி, இந்தக் கிதாபின் அட்டை என்ன நிறம்?” என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று மாலை அவர்கள் எனக்குச் சொன்னதுதான் இந்த கெய்ரோ நிகழ்ச்சி.

இத்தனை நுட்பமான கேள்வி அந்தக் காலத்தவருக்குத் தோன்றியதற்குப் பின்னால் எண்ணூறு ஆண்டுப் பயிற்சி இருந்தது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியின் வாசகம் எவ்வளவு முக்கியமோ, அது வந்த வழியும் அவ்வளவு முக்கியம். ஆரம்பத்தில் மக்கள் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி விசாரிக்கவில்லை; குழப்பம் தலைதூக்கிய பிறகே, சொன்னவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்ற கருத்தை ஹிஜ்ரீ 110இல் மறைந்த தாபிஈ இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் தெரிவித்ததாக இமாம் முஸ்லிம் தம் ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்கிறார்கள்.

நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களின் பயணம் நம் பிள்ளைகளும் அறிந்த ஒன்று. ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றார்கள். கல்வித் தேட்டத்துக்கு எடுத்துக்காட்டாகவே இதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் அந்த ஹதீஸ் ஜாபிர் (ரலி) அவர்களுக்கு முன்னரே எட்டியிருந்தது! பிறர் வாயிலாக எட்டியிருந்ததை நபி (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்டவரின் வாயாலேயே கேட்கத்தான் ஒரு மாதம் நடந்தார்கள். இடையிலிருந்தவரை மறைத்துவிட்டு “இப்னு உனைஸ் கூறினார்” என்று சொல்லிவிட அவர்களுக்கு மனம் வரவில்லை.

அப்படிச் சொல்லிவிடும் பழக்கத்துக்கு முஹத்திஸ்கள் ‘தத்லீஸ்’ என்று பெயரிட்டார்கள். ஓர் அறிவிப்பாளர், தாம் நேரில் கேட்காததையும் கேட்டதைப் போன்ற தோற்றம் தரும் சொல்லால் அறிவிப்பது அது. “ஹத்தஸனா” என்றால் ‘எங்களுக்கு அறிவித்தார்’. நேரில் கேட்டதற்கு அது உறுதி. “அன்” என்றால் ‘அவரிடமிருந்து’ என்று மட்டுமே பொருள். நடுவில் யாரேனும் இருந்திருக்கலாம். அந்தச் சிறு சொல்லுக்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடுவதே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது.

இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரீ 643) தம் ‘முகத்திமா’வில் தரும் எடுத்துக்காட்டு சுவையானது. மாபெரும் அறிஞரான ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) அவர்கள் ஒரு சபையில் ஸுஹ்ரீயின் பெயரைச் சொல்லி ஒரு செய்தியைத் தொடங்கினார்கள். ஸுஹ்ரீயிடம் நீங்கள் நேரில் கேட்டீர்களா என்று வினவப்பட்டது. இல்லை என்றார்கள், ஸுஹ்ரீயிடம் கேட்டவரிடமும் தாம் கேட்கவில்லை என்றார்கள், அப்துர் ரஸ்ஸாக் தமக்குச் சொன்னார், அவருக்கு மஅமர் சொன்னார், மஅமருக்கே ஸுஹ்ரீ சொன்னார் என்று விளக்கினார்கள். ஆக, இடையில் இருவர். ஸுஃப்யானின் நம்பகத்தன்மையை எவரும் ஐயுறவில்லை. இருந்தும் மாணவர்கள் கேட்டார்கள். ஆசிரியரும் ஒளிக்காமல் சொன்னார். அந்தச் சபையின் அழகே அதுதான் என்பது என் எண்ணம். ஷுஅபா (ரஹ்) அவர்களோ தத்லீஸைப் பொய்யின் உடன்பிறப்பாகவே கருதினார்கள்.

காலப்போக்கில் நாவின் இடத்தை நூல் எடுத்துக்கொண்டது. அப்போதும் அந்தச் சட்டம் கைவிடப்படவில்லை. நூலுக்கு ஏற்ப அதை மாற்றி அமைத்தார்கள். ஆசிரியரிடம் ஓதாமல், நூலில் கண்டதை மட்டும் எடுத்துச் சொல்வதற்கு ‘விஜாதா’ என்று பெயர். ஒருவரின் நூலிலிருந்து எடுத்தெழுதுபவர், கையிலுள்ள பிரதி சரிபார்க்கப்பட்டது என்ற உறுதி இருந்தால் மட்டுமே “இன்னார் கூறினார்” என்று எழுதலாம். இல்லையேல் “இன்னாரின் நூற்பிரதி ஒன்றில் கண்டேன்” என்றோ, “இன்னார் கூறியதாக எனக்கு எட்டியது” என்றோ எழுத வேண்டும் என்று அதே இப்னுஸ் ஸலாஹ் வகுத்தார்கள். தம் காலத்து மக்கள் இதில் அலட்சியமாக இருப்பதாக வருந்தவும் செய்தார்கள். ஹிஜ்ரீ ஏழாம் நூற்றாண்டிலேயே இந்த வருத்தம்!

இந்த மரபில் ஊறியவர் என்பதால்தான் ஸுயூத்தீக்கு அந்தக் கேள்வி எழுந்தது. ஜலாலைனையே பாருங்கள். ஜலாலுத்தீன் அல்மஹல்லீ (ரஹ்) அவர்கள் கஹ்ஃப் அத்தியாயம் முதல் இறுதி வரையும் ஃபாத்திஹாவுக்கும் எழுதிவிட்டு ஹிஜ்ரீ 864இல் மறைந்தார்கள். மீதியை 870ஆம் ஆண்டில் நாற்பது நாட்களில் நிறைவு செய்த இளைஞர் ஸுயூத்தீ, இஸ்ரா அத்தியாயத்தின் முடிவில், தம் பகுதி இதுவரைதான் என்று எழுதிவைத்தார். இருவரின் நடையும் ஒன்றுபோல் இருக்கும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிரித்தறிவது எளிதன்று. ‘அல்முஸ்ஹிர்’ என்னும் நூலிலும், சொன்னவருக்கே சொல்லை உரித்தாக்குவது கல்வியின் பரக்கத் என்றும், நூலின் பெயரைக் குறிப்பிடாமல் தாம் எதையும் எடுத்தாள்வதில்லை என்றும் தெரிவிக்கிறார்.

ஆயினும் கதை ஒருபக்கமானதன்று. அவருடைய சமகாலத்தவரான அஸ்ஸகாவீ (ரஹ்), ‘அள்ளவ்உல் லாமிஉ’ என்னும் வரலாற்றுத் தொகுப்பில், ஸுயூத்தீயே மஹ்மூதிய்யா நூலகத்துப் பழைய நூல்களை எடுத்து, சிறிது மாற்றித் தம் பெயரில் வெளியிட்டதாகக் குற்றம் சாட்டினார். ஸுயூத்தீ அதற்குக் காரமாக மறுப்பு எழுதினார். சமகாலத்தவர்கள் ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்வதை எச்சரிக்கையுடன் ஏற்க வேண்டும் என்பது நம் முன்னோரின் நெறி. எனவே தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன்.

இந்த நிகழ்ச்சி எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் உஸ்தாதின் வாய்மொழி. பின்னர், அஹ்மதாபாத்தில் வாழ்ந்த அப்துல் காதிர் அல்அய்தரூஸ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரீ பத்தாம் நூற்றாண்டைப் பற்றி எழுதிய ‘அந்நூருஸ் ஸாஃபிர்’. அங்கே முறையீட்டுச் செய்தி, சொன்னவர் பெயரின்றி ‘சொல்லப்படுகிறது’ என்றே தொடங்குகிறது. கீழே வரும் பிற்பகுதி மட்டும் மக்காவின் ஜாருல்லாஹ் இப்னு ஃபஹ்த் அறிவித்ததாகப் பெயருடன் வருகிறது. இரண்டின் எடையும் ஒன்றல்ல.

இன்று நம் கைப்பேசிகளில் “புகாரீ” என்று ஒரு சொல்லும் ஓர் எண்ணும் தாங்கி எத்தனை செய்திகள் வருகின்றன! எண்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ (1882–1968) அவர்களின் பரவலான வரிசையில் புகாரீயின் கடைசி ஹதீஸ் 7563. அதற்கு மேற்பட்ட எண்ணைக் கண்டால் நின்று யோசியுங்கள். கல்லூரியில் ஆய்வேடு எழுதும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். ஒரு மொழிபெயர்ப்பு நூலில் கண்டதற்கு மூலநூலின் பெயரை மட்டும் எழுதிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் பக்க எண்ணைத் தவறாகக் குறித்திருந்தால், அத்தவறு முப்பது ஆய்வேடுகளில் மூலநூலின் தவறாகப் பதிவாகிவிடுகிறது. “இன்னாரின் நூலில் எடுத்தாளப்பட்டபடி” என்று கூடுதலாக ஒரு வரி எழுத வெட்கப்படுகிறார்கள். எனக்கும் அன்று அந்த வெட்கம்தான்.

கஸ்தலானீ (ரஹ்) அவர்கள் பின்னர் ஸுயூத்தீயின் மனத்தாங்கலைப் போக்க விரும்பினார்கள். அப்போது ஸுயூத்தீ மக்களை விட்டு ஒதுங்கி, நைல் நதியின் நடுவிலுள்ள ரவ்ளா தீவில் தங்கியிருந்தார்கள். கஸ்தலானீ கெய்ரோவிலிருந்து அங்கு நடந்தே சென்று கதவைத் தட்டினார்கள். யார் என்று உள்ளிருந்து கேட்கப்பட்டது. தம் பெயரைச் சொல்லி, உங்கள் உள்ளம் என்மீது தெளிவடைய வேண்டும் என்பதற்காக வெறுங்காலுடனும் திறந்த தலையுடனும் வந்திருக்கிறேன் என்றார்கள். என் உள்ளம் தெளிந்துவிட்டது என்று மறுமொழி வந்தது. கதவு திறக்கப்படவில்லை.