அச்சுக்கு முந்திய முப்பது ஆண்டுகள்: முத்துக்குளித்துறையில் அண்டிரிக் அடிகளார் (1547–1578)

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களே கொண்ட சிறுநூல். தமிழ் எழுத்தில் அச்சான, இன்று கிடைக்கும் நூல்களுள் இதுவே காலத்தால் முந்தியது. தமிழ் அச்சு வரலாறு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்நாளிலிருந்தே தொடங்குகின்றன. இதனைத் தமிழாக்கிய போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ், தமிழர் வழக்கில் அண்டிரிக் அடிகளார், அப்போது ஐம்பத்தெட்டு வயதை எட்டியிருந்தார். அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1547இல். இடைப்பட்ட முப்பத்தோராண்டுகளில் அவர் பெயரால் ஒரு நூலும் அச்சேறவில்லை. அந்த ஆண்டுகளில் நிகழ்ந்தது என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

வெளித்தெரியாத ஆண்டுகளுக்குக் கிறித்தவ மரபு தனி மதிப்பு அளித்துவந்துள்ளது. பன்னிரண்டாம் வயதில் எருசலேம் கோவிலில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் லூக்கா, அதன்பின் இயேசு ஏறத்தாழ முப்பது வயதில் பணி தொடங்கும்வரை நாசரேத்து வாழ்வைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகிறார். தாம் அரேபியாவுக்குச் சென்றதையும், மூன்று ஆண்டுகள் கழித்தே எருசலேமுக்குப் போனதையும் பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் குறிக்கிறார். அரேபியாவில் என்ன செய்தார் என்று சொல்வதில்லை. இயேசு சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார், முப்பது வயதைக் கடந்தபின் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்றார். இம்மூன்றனுள் கடைசியே அண்டிரிக் அடிகளாரின் வாழ்வோடு நெருங்கிய உறவுடையது. பாலைவனத் தனிமை அன்று, பாடம் கேட்கும் மாணவனின் தாழ்நிலையே அவர் ஏற்ற ஆயத்தம்.

அந்த ஆயத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதைக் கடற்கரையின் நிலை காட்டும். 1535–1537 ஆண்டுகளில் பரதவர் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றனர். போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிய அரசியல் சூழலும் அதற்குக் காரணம். முழுக்கு நடந்ததே தவிர, போதனை தொடரவில்லை. 1542இல் வந்த பிரான்சிசு சவேரியார் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி மனனம் செய்து ஊரூராக ஓதுவித்தார். 1544இல் தம் உடன்பணியாளர் மன்சில்லாசுக்கு அவர் எழுதிய மடல் ஒன்று கவனத்திற்குரியது. விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றுவிட்டது. அதை மாற்றுக என்கிறது அம்மடல். மக்கள் நாள்தோறும் ஓதிய அறிக்கையின் முதற்சொல்லே பிழைபட்டிருந்தது. அவசரத்தின் விலை என்றே இதனைக் கொள்ளவேண்டும். சவேரியாரின் ஆர்வத்தில் குறையில்லை, அவருக்குக் காலந்தான் இல்லை.

அண்டிரிக் அடிகளார் 1520இல் போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வழிமரபினர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக்கப்பட்டவர். 1545இல் கொயிம்பிராவில் இயேசு சபையில் சேர்ந்து, மறு ஆண்டே கோவாவுக்கு வந்தார். பிறப்பினால் ஒதுக்கப்பட்ட ஒருவர், ஐரோப்பியர் பொருட்படுத்தாத ஒரு கடற்கரை மக்களின் பேச்சைக் கற்க அமர்ந்தார். இவ்விரண்டையும் காரணகாரியமாக இணைக்கச் சான்றில்லை. எனினும் வரலாற்றாசிரியர் கண்ணில் படாமல் போகாது. 1548இல் வேம்பாற்றிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில் தம் தமிழ்ப் பயிற்சியை விவரிக்கிறார். வினைகள் காலத்திற்கேற்ப மாறுவதையும் பெயர்கள் வேற்றுமை ஏற்பதையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் இன்றியே பேசும் நிலையை விரைவில் அடைந்தார். அடுத்த ஆண்டு இவரைப் பற்றி எழுதிய சவேரியார், தமிழைப் பேசவும் எழுதவும் வல்லவர், ஒருவராக இருந்து இருவர் பணி செய்பவர் என்ற பொருள்படப் பாராட்டினார்.

இப்பயிற்சியின் விளைவே ‘மலபார் மொழிக் கலை’ என்ற பொருள்படும் போர்த்துக்கேயத் தலைப்புடைய இலக்கணம். இதில் ‘மலபார்’ என்பது தமிழையே குறிக்கும். இது தமிழ் இலக்கண மரபின் சட்டகத்தைப் பின்பற்றவில்லை. ழுவாவ் தெ பாரோசு 1540இல் வெளியிட்ட போர்த்துக்கேய இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டது. புலவர் தமிழைவிட மீனவர் தமிழே இதன் தரவு. அதனாலேயே பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கை அறிய இது அரிய சான்றாகிறது. அந்தத் தரவை அவருக்கு அளித்தவர் யாவர்? செபம் சொல்லிக்கொடுத்த கணக்கப்பிள்ளைகளும், பாவசங்கீர்த்தனத்தில் உரைபெயர்த்தவர்களும், முத்துக்குளிக்கும் குடும்பத்தாரும் ஆவர். ஆசிரியரின் மறைந்த ஆண்டுகளைப் பேசுவோர் இவர்களை மறந்துவிடுகின்றனர்.

இதே காலத்தில், 1554 பிப்ரவரி 11 அன்று, லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபநூல் உரோமன் எழுத்தில் அச்சானது. அங்கிருந்த தமிழர் மூவர் அதனை ஆக்கினர். அதற்குரிய பெருமை அவர்களுக்கு உண்டு. ஆனால் உரோமன் எழுத்து நூலைக் கடற்கரையில் படிக்கக்கூடியவர் பாதிரிமாரே. தமிழருக்குத் தமிழ் எழுத்து வேண்டும். தமிழ் அச்செழுத்து கோவாவில் 1577இல்தான் வார்க்கப்பட்டது. ஆகவே முப்பதாண்டு மௌனம் முழுவதையும் ஆன்மிகப் பொறுமையாகப் போற்றுவது பொருந்தாது. கருவி இல்லாமையும் ஒரு காரணம். மேலும் அவை அமைதியான ஆண்டுகளும் அல்ல. 1549இல் அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டபின் முத்துக்குளித்துறைப் பணியின் தலைமை அடிகளார் மேல் விழுந்தது. புன்னைக்காயலில் மருத்துவமனை, ஊர் வழக்குகள், வடுகர் படையெழுச்சி என அலைச்சல் மிகுந்த காலம் அது. மொழிப் பயிற்சி இவற்றின் இடுக்கில் நடந்தது.

எழுத்து கைக்கு வந்ததும் நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. ‘தம்பிரான் வணக்க’த்தின் முகப்பில் மனுவேல் தெ சாம் பேத்ரோ என்ற குருவும் உடன்பெயர்ப்பாளராகக் குறிக்கப்படுகிறார். 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1580இல் பாவசங்கீர்த்தன நூல், 1586இல் அறுநூறு பக்கங்களைக் கடந்த ‘அடியார் வரலாறு’ ஆகியவை தொடர்ந்தன. எட்டாண்டுகளில் நான்கு நூல்கள் என்பது அறுபதை அண்டிய ஒருவரின் திடீர் வேகம் அன்று. மடல்களிலும் மறையுரைகளிலும் கைப்படிகளிலும் முன்னரே பழகிய உரைநடை அச்சுவடிவம் பெற்றது.

அடிகளார் 1600இல் புன்னைக்காயலில் காலமானார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. உடன்பணியாளர் எளிதில் தமிழ் கற்கவேண்டும் என்று அவர் எழுதிய இலக்கணமோ அவர் காலத்தில் அச்சேறவே இல்லை. லிஸ்பன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் படியாகக் கிடந்த அதனை ஹான்ஸ் பெர்மீர் 1982இல் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆய்வும் வெளியிட்டனர்.